அட்டையா, ஆஸ்பத்திரியா? எல்லோருக்கும் மருத்துவம் எந்த வழியில் கட்டுப்படியாகும்

சித்தி பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சித்தப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஆன செலவு. ஆபரேஷனுக்கு நேராகப் பூஜ்யம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வைத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் செய்தார்கள், ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆனால் அட்டை கணக்குக்கு வருவதற்கு முன்பே எக்கோ, ரத்தப் பரிசோதனை என்று 6,800 ரூபாய் போயிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு மாதா மாதம் மாத்திரைக்கு 2,300. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை செக்கப். பதினான்கு மாதத்தில் கூட்டுத்தொகை 46,000-ஐத் தொட்டிருந்தது. அதில் பாதி, இரண்டு வளையல்களை அடகு வைத்து வந்த பணம்.

நோட்டை என் முன்னால் வைத்துவிட்டு சித்தி கேட்டார்: "ஏன்டா, கார்டு இருந்தா எல்லாம் இலவசம்னுதானே சொன்னாங்க? அப்புறம் என் வளையல் எதுக்கு அடகுக்குப் போச்சு?"

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் மருத்துவம் என்று பேசும்போது இலவசமா இல்லையா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. எது இலவசம், எப்போது இலவசம், யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பதில்தான் வளையல் மிஞ்சுமா போகுமா என்பது இருக்கிறது. அரசு கையில் இருக்கும் அடுத்த ரூபாயை எந்த வழியில் செலவு செய்வது என்று முடிவெடுக்க வேண்டுமென்றால் நம் முன்னால் நான்கு வழிகள் உண்டு. ஒவ்வொன்றையும் சித்தியின் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். 'எல்லோருக்கும் மருத்துவம் கொடுக்க அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?' என்று கேட்பவர்கள், அந்தப் பணம் இனிமேல்தான் புதிதாக வர வேண்டும் என்பதுபோலப் பேசுகிறார்கள். பணம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021-22-ல் இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவு சுமார் 9 லட்சம் கோடி ரூபாய். அதில் 39.4 சதவீதம், அதாவது 3.5 லட்சம் கோடிக்கும் மேல், மக்கள் சொந்தக் கையிலிருந்து கொடுத்தது. 2013-14-ல் இந்தப் பங்கு 64.2 சதவீதமாக இருந்தது. குறைந்திருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் 2021-22 கணக்கிலும் ஐந்து ரூபாயில் இரண்டு ரூபாய் நோயாளியின் பையிலிருந்துதான் வந்திருக்கிறது. நோய் வந்த வீட்டில், நோய் வந்த அன்றைக்கு, வேலைக்குப் போக முடியாமல் படுத்திருப்பவரிடமிருந்து வசூலாகிற பணம் அது. பணம் திரட்டுவதற்கு இதைவிடக் கொடுமையான வழி எனக்குத் தெரியவில்லை. இதே பணத்தை நோய் வருவதற்கு முன்பே, எல்லோரிடமிருந்தும், அவரவர் வசதிக்குத் தக்கபடி வாங்க முடியுமா என்பதுதான் கட்டுப்படியாகுமா என்ற கேள்வியின் உண்மையான பொருள்.

முதல் வழி, ஆளாளுக்கு ஒரு பாலிசி எடுத்துக்கொள்ளட்டும் என்பது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யை நீக்கிவிட்டார்கள். நல்லதுதான், வசதி உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் நாடு முழுவதற்கும் இது வழியாகாது. வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று ஆண்டு வரைகூடக் காத்திருக்கச் சொல்ல முடியும். சித்தப்பா மாதிரி ஐம்பத்தெட்டு வயதில், சுகரும் பிரஷரும் உள்ள ஒரு லேத் பட்டறைத் தொழிலாளிக்கு எந்தக் கம்பெனி என்ன விலை சொல்லும் என்று யோசித்துப் பார்த்தால் போதும். அமெரிக்கா பெரும்பாலும் தனியார் காப்பீட்டை நம்பிய நாடு. 2023-ல் அந்நாடு ஜி.டி.பி.யில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தியில், 17 சதவீதத்துக்கும் மேல் மருத்துவத்துக்குச் செலவழித்தது. அப்படியும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்குக் காப்பீடு கிடையாது. செலவு அதிகம், விடுபட்டவர்களும் அதிகம். இந்த வழியைப் பற்றி நான் மேற்கொண்டு பேசப் போவதில்லை.

இரண்டாவது வழிதான் சித்தப்பாவின் கையில் இருந்த அட்டை. தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பிரீமியத்தை அரசு கட்டும், பட்டியலில் உள்ள மருத்துவமனை சிகிச்சை செய்யும்.

இதை யாரும் லேசாகப் பேசக் கூடாது. மாரடைப்பு வந்த அன்று இரவு அந்த அட்டை இல்லையென்றால் எங்கள் வீட்டில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு யாரிடம் போய் நின்றிருப்போம் என்று எனக்குத் தெரியும். கூலி வேலை செய்கிறவர் பைபாஸ் செய்துகொண்டு எழுந்து நடமாடுகிறார், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொண்டு ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்றால் அதற்கு இந்த அட்டையும் ஒரு காரணம். அரசு மருத்துவமனைகளும் இதே திட்டத்தில் சிகிச்சை செய்து பணம் பெறலாம். அதில் ஒரு பங்கு ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையாகவும் இன்னொரு பங்கு மருத்துவமனை வசதிகளுக்கும் போகிறது. நல்ல ஏற்பாடு.

ஆனால் அட்டைக்கு மூன்று குறைகள் உண்டு. ஒன்று, அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் வேலை செய்கிறது. சேர்வதற்கு முன் எதனால் நெஞ்சு வலிக்கிறது என்று கண்டுபிடிக்க ஆகிற செலவும், வீட்டுக்கு வந்த பிறகு வாழ்நாள் முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரையும் பெரும்பாலும் நம் கணக்கில். சித்தியின் நோட்டில் பூஜ்யம் ஒரே ஒரு வரியில்தான் இருந்தது, மற்ற எல்லா வரியிலும் தொகை இருந்தது. மக்கள் கையிலிருந்து போகிற பணத்தில் பெரும்பங்கு மருந்துக்குத்தான் போகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்.

இரண்டாவது, யாருக்கு அட்டை, யாருக்கு இல்லை என்று வருமானத்தை வைத்துக் கோடு போடுவது. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பை 1,20,000 ஆக உயர்த்தினார்கள். மாதக் கணக்கில் 10,000 ரூபாய். ஜவுளிக்கடையில் 14,000 ரூபாய் சம்பளத்தில் நிற்கிற பெண் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார். கடையில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் இ.எஸ்.ஐ.யும் கிடையாது. ஏழையும் இல்லை, பாலிசி எடுக்க வசதியும் இல்லை என்று இப்படி நடுவில் நிற்பவர்கள் நாட்டில் ஏறத்தாழ 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021-ல் கணக்கிட்டது. வரம்பை எவ்வளவு உயர்த்தினாலும் கோட்டை ஒட்டி அந்தப் பக்கம் யாராவது நின்றுகொண்டுதான் இருப்பார்கள். நமக்கு வேண்டியதோ எல்லோருக்குமான மருத்துவம்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ், பேக்கேஜுக்கு ஒரு தொகை என்றால், அதிகம் செய்தால் அதிகம் கிடைக்கும். ஆயுஷ்மான் பாரத்துக்கு முன்பு, 2008-லிருந்து குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்ற ஆர்.எஸ்.பி.ஒய். என்ற மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டம் இருந்தது. 2012-ல் பீகாரிலும் சத்தீஸ்கரிலும் அந்தத் திட்டப் பணத்துக்காகத் தேவையில்லாமல் பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்ற புகார்கள் வெளிவந்தன. வயிற்று வலி என்று போன ஏழைப் பெண்கள் அவர்கள். நேர்மையான மருத்துவமனைகள் ஏராளம் உண்டு. ஆனால் ஒரு திட்டம் எல்லோரும் நேர்மையாக இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் மட்டும் நிற்கக் கூடாது. மக்கள் ஆரோக்கியமாக இருந்தால் யாருக்கும் வருமானம் இல்லை என்கிற ஏற்பாட்டில் செலவு ஆண்டுதோறும் ஏறத்தான் செய்யும்.

மூன்றாவது வழி, அரசே மருத்துவமனை நடத்துவது. ஜி.எச்., ஆரம்ப சுகாதார நிலையம், கிராமத்துத் துணை நிலையம். அட்டை வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம், வந்தவருக்கு ஓ.பி. சீட்டு போட்டுக் கொடுத்தால் போதும். 1946-ல் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழுவின் அறிக்கை அடிப்படையாக வைத்ததும் இதைத்தான். பணம் கொடுக்க முடியாததால் ஒருவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்றது அது.

இந்த வழியில் தமிழ்நாடு செய்த ஒரு காரியத்தை நாமே போதிய அளவு மதிக்கவில்லை. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் தேவையான மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு, கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப் பெயரில் வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரி ஒரு பாஸ்புக் உண்டு. இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் இருக்கும், எடுக்க எடுக்கக் கழிப்பார்கள். எந்த ஊரில் எந்த மருந்து எவ்வளவு செலவாகிறது என்பது தலைமையிடத்துக்குத் தெரியும். மாத்திரை அட்டையின் பின்பக்கம் அரசு வழங்கல், விற்பனைக்கல்ல என்று அச்சடித்திருக்கும். கடையில் ஒரு மாத்திரை விற்கிற விலைக்கு மொத்தக் கொள்முதலில் பல மாத்திரைகள் கிடைக்கும். கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதே மாதிரியில் கழகங்கள் தொடங்கின. கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்களுக்கு நம் ஊரிலேயே முப்பது ஆண்டாக இருக்கிற பதில் இது. மாத்திரைக்கு மாத்திரை கணக்குப் பார்த்தால், சித்தியின் நோட்டில் இருந்த மிகப்பெரிய செலவை அட்டையைவிட நன்றாக அடைப்பது இந்தப் பாஸ்புக்தான்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதையே வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது. சுகர், பிரஷர் மாத்திரையைக் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். ஸ்டென்ட் வரை போகாமல் தடுக்கிற வேலை அங்கேதான் நடக்கிறது.

குறை இல்லையா? இருக்கிறது, கண்ணால் பார்த்தேன். சித்தப்பாவை நான்தான் பக்கத்து ஊர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். காலை ஏழரைக்கே வரிசை சுவர் திரும்பி சைக்கிள் ஸ்டாண்டு வரை வந்துவிட்டது. டாக்டர் நல்லவர், ஆனால் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம்தான் அவரால் கொடுக்க முடிந்தது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஐந்தில் நான்கு மாத்திரை கிடைத்தது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரல் மட்டும் அன்றைக்கு ஸ்டாக் இல்லை. சின்னத் துண்டுச் சீட்டில் எழுதி, "வெளியில வாங்கிக்கோங்க அய்யா" என்றார்கள். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர் பொதுவாக முதல் ஓராண்டுக்கு டாக்டர் சொல்லாமல் விடக் கூடாத மாத்திரை அது. எங்கள் கையில் அன்றைக்குப் பணம் இருந்தது, வாங்கினோம். பின்னால் நின்றவர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

இதே வழியில் முழுக்கப் போன நாடு இலங்கை. அரசு மருத்துவமனைகளில் கட்டணத்தை 1950-களின் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டார்கள். அங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. சளி, காய்ச்சலுக்கு ஏறத்தாழ பாதிப் பேர் காசு கொடுத்துத் தனியாரிடம் போகிறார்கள். படுக்கையில் சேர வேண்டிய நோய் என்றால் பெரும்பாலோர் அரசு மருத்துவமனைக்குத்தான் வருகிறார்கள். சின்னச் செலவு நம்முடையது, பெரிய செலவு அரசுடையது என்று யாரும் கோடு போடாமலே பிரிந்துகொள்கிறது. இந்தியாவைவிட நீண்ட ஆயுளை அவர்கள் அடைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் 2022-ல் அன்னியச் செலாவணி தீர்ந்தபோது மருந்து வரவில்லை, திட்டமிட்டிருந்த ஆபரேஷன்களைச் சில மருத்துவமனைகள் தள்ளிவைத்தன. எல்லாம் கஜானாவை நம்பியே இருக்கும்போது கஜானா காலியானால் நோயாளிதான் முதலில் அடிபடுகிறார்.

நான்காவது வழிக்கு நான் அதிகம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம்மூர்ப் பேச்சில் அது வருவதே இல்லை. தாய்லாந்து 1997-ல் நாணயம் சரிந்து, ஆசியப் பொருளாதார நெருக்கடிக்கே தொடக்கப் புள்ளியான நாடு. நான்கே ஆண்டுகளில், 2001-ல், 30 பாட் திட்டத்தைத் தொடங்கினார்கள். பாட் என்பது அந்த நாட்டு நாணயம். ஒரு தடவை மருத்துவமனைக்குப் போனால் 30 பாட் கொடுத்தால் போதும், பெரும்பாலான நோய்களுக்கு. 2002-ல் நாடு முழுவதும் வந்துவிட்டது, அதே ஆண்டு சட்டமும் ஆனது. அரசு ஊழியர்களுக்கும் கம்பெனித் தொழிலாளர்களுக்கும் தனித் திட்டங்கள் முன்பே இருந்தன. மீதி இருந்த அத்தனை பேரையும் இதில் சேர்த்தார்கள். சேர்ப்பதற்கு ஏழை யார், பணக்காரர் யார் என்று கோடு போடவில்லை.

சூட்சுமம், பணம் கொடுக்கும் முறையில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று கொடுக்காமல், ஒரு வட்டார மருத்துவமனையில் பதிவு செய்துள்ள ஒவ்வொரு தலைக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று முன்பே கொடுத்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் அது 1,202 பாட். அந்தத் தொகைக்குள் மருத்துவமனை அந்த மக்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது கணக்கு தலைகீழாகிறது. ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் செலவு, வராமல் பிரஷர் மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தால் மிச்சம். படுக்கையில் சேருபவர்களுக்கான பணத்துக்கும் மொத்த வரம்பு உண்டு. அதனால் திட்டம் விரிந்தாலும் செலவு கட்டுக்குள் நின்றது. 2000-ஐ ஒட்டி மக்கள் கையிலிருந்து போனது மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு, இப்போது பத்தில் ஒரு பங்கு அளவுதான். நாட்டின் மொத்த மருத்துவச் செலவோ ஜி.டி.பி.யில் ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதம். இந்தியா 2021-22-ல் 3.8 சதவீதம் செலவழித்தது. இரண்டு நாட்டுக்கும் செலவில் இருக்கிற இடைவெளி சிறியது. யார் பையிலிருந்து போகிறது என்பதில் இருக்கிற இடைவெளிதான் பெரியது.

ஒரே ஆள் மொத்தமாக வாங்கினால் பேரம் பேசும் பலமும் வரும். 2007 ஜனவரியில் தாய்லாந்து அரசு ஒரு மருந்துக்குக் கட்டாய உரிமம் அறிவித்தது. காப்புரிமை இருந்தாலும் பொதுநலனுக்காக மலிவான மாற்றை வரவழைக்கச் சட்டம் தருகிற வழி அது. அந்த மருந்து, அன்றைக்கு நம் ஜன்னலில் ஸ்டாக் இல்லாமல் போன அதே குளோபிடோக்ரல்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியதாகிவிடும். தாய்லாந்து அட்டையை முதலில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியைப் பிறகு தேடவில்லை. 1980-களின் முற்பகுதியில் நகரத்துப் பெரிய மருத்துவமனைகளுக்கான புதிய முதலீட்டை நிறுத்திவைத்து, அந்தப் பணத்தை மாவட்ட அளவில் கிராமப்புற மருத்துவமனைகள் கட்டத் திருப்பினார்கள். படித்து முடித்த டாக்டர்கள் மூன்று ஆண்டு அரசுப் பணி செய்ய வேண்டும் என்ற விதியும் 30 பாட்டுக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. இவ்வளவு இருந்தும் திட்டம் வந்த பிறகு வரிசை நீண்டது, டாக்டர்கள் தனியாருக்குப் போனார்கள், பல மருத்துவமனைகள் பற்றாக்குறையில் தவித்தன.

சரி, நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்? தமிழ்நாட்டுக்கு என் பதில்: அட்டையை எடுக்கக் கூடாது, ஆனால் அடுத்த ரூபாய் அட்டைக்குப் போகவும் கூடாது. அது முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஜி.எச். மருந்து ஜன்னலுக்கும் போக வேண்டும். ஸ்டென்ட், பைபாஸ், டயாலிசிஸ் நோயாளிகளுக்கான தொடர் மாத்திரைகள் ஒருநாள்கூடத் தீர்ந்துபோகக் கூடாது என்பதை ஒரு சிகிச்சைக்குச் சமமாக நினைத்துப் பணம் ஒதுக்க வேண்டும். அப்புறம், கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களையும் உள்ளே கொண்டுவந்து, ஒரு மாவட்டத்தில் மட்டுமாவது தலைக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்கு முன்பணம் கொடுத்துப் பார்க்க வேண்டும். கிடங்கு, பாஸ்புக், கிராமச் செவிலியர் என்று அதற்கு வேண்டிய அடித்தளம் நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. தாய்லாந்து 1980-களில் கட்டியதை நாமும் பெருமளவு கட்டிவிட்டோம்.

பணம்? 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் மருத்துவத்துக்கான அரசுச் செலவை ஜி.டி.பி.யில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்றது. கொரோனா காலமான 2021-22-லேயே அது 1.84 சதவீதம்தான். எழுதிக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாலே நான் மேலே கேட்டதில் பெரும்பகுதிக்கு ஆகும்.

அந்தத் துண்டுச் சீட்டுக்குப் பிறகு இரண்டாவது மாதத்திலிருந்து குளோபிடோக்ரல் ஜன்னலிலேயே கிடைக்கிறது. சித்தப்பா இப்போது முழுக்க அங்கேதான் மருந்து வாங்குகிறார். போன வாரம் சித்தியின் நோட்டைப் பார்த்தேன். மாத்திரைக்கு நேராகப் பூஜ்யம், செக்கப்புக்கு நேராகப் பூஜ்யம். அதற்குக் கீழே ஒரு வரி மட்டும் மாதந்தோறும் வருகிறது: 'அரை நாள் கூலி போச்சு, 400.' நகரங்களில் திறந்திருக்கும் நலவாழ்வு மையங்களில் மாலை நான்கிலிருந்து எட்டு வரை டாக்டர் இருக்கிறார். எங்கள் பக்கத்து மருத்துவமனையிலும் அந்த நேரத்தில் மருந்து ஜன்னலைத் திறந்து வைத்தால் அந்த வரியும் போய்விடும்.